பிரிந்த பிறகும் நட்பு: அதைப் பற்றி ஒரு பாப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, தர்மபுரியில் வீட்டிலேயே பதிவு செய்ய முழுமையான வழிகாட்டி

காதல் தோல்விப் பாட்டு எழுத நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு தாடி, ஒரு பாட்டில், 'ஏன் விட்டுப் போன' என்று ஒரு வரி. பாதிப் பாட்டு முடிந்துவிடும். பிரிந்த இருவர் நண்பர்களாகவே தொடர்கிறார்கள் என்று எழுதுவதுதான் கஷ்டம். அதில் பழி போட ஆள் இல்லை, மழையில் நனைய இடம் இல்லை. போதாததற்கு, கேட்பவருக்கு முதல் வரியிலேயே சந்தேகம் வரும்: நிஜமாகவே ஃப்ரெண்ட்ஸ்தானா, இல்லை திரும்பி வரச்சொல்லிக் கெஞ்சுகிறாரா?

இந்த வழிகாட்டி முழுக்க அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதற்குத்தான். வரியில், மெட்டில், பாடும் குரலில், வெளியிடும் நாளில் என்று எல்லா இடத்திலும் அது எட்டிப் பார்க்கும். உங்களிடம் ஒரு போன், ஒரு சின்ன கீபோர்டு அல்லது கிட்டார், வயர் உள்ள ஒரு இயர்போன் இருந்தால் போதும். ஒரு மாதிரிப் பாட்டை இங்கேயே கட்டிக் காட்டுகிறேன். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், கட்டும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: எழுதலாமா என்று முடிவு செய்யுங்கள்

சென்னையில் ஒருவர் தன் எக்ஸ் பற்றிப் பாட்டுப் போட்டால் அது யார் என்று யாருக்கும் தெரியாது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும் பாதிப் பேருக்கு நீங்கள் யாருடைய பிள்ளை என்று தெரியும். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், அரூர், பாலக்கோடு எல்லாமே அப்படித்தான். அதனால் வரி எழுதுவதற்கு முன்பே சில விஷயங்களை யோசித்துவிட வேண்டும்.

பிரிந்தது நீங்கள் இருவரும் பேசி எடுத்த முடிவா, வீட்டார் எடுத்த முடிவா? சாதியைக் காரணம் காட்டிப் பிரித்த கதையாக இருந்தால், 'இன்னமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்' என்று ஊரறியப் பாடுவது அவருக்கு ஆபத்தாக முடியலாம். பெண்ணாக இருந்தால் ஆபத்து இரட்டிப்பு. அப்படியானால் பாட்டை எழுதுங்கள், ஆனால் வெளியிடாதீர்கள். அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதென்றால் அந்த வீட்டில் உங்கள் நட்பு தெரிந்த விஷயமா என்று பாருங்கள். தெரியாது என்றால் பாட்டு அதைத் தெரியப்படுத்தும் முதல் கடிதமாகிவிடக் கூடாது. உறவு அடி, மிரட்டல், கட்டுப்பாடு என்று போய் முடிந்ததென்றால் இது உங்களுக்கான பாட்டே இல்லை. நட்பாக இருந்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

இன்னொன்று. அவர் உங்களிடம் நட்பாக இருக்கிறார் என்பதற்கு போன மாதம் நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்ல முடிகிறதா? முடியவில்லையென்றால் நீங்கள் எழுதப்போவது ஆசையை, நட்பை அல்ல. ஆசைப் பாட்டும் நல்ல பாட்டுதான், ஆனால் அதை நட்பு என்று பெயர் மாற்றி விற்காதீர்கள்.

இரண்டாம் படி: நடந்ததைப் பொறுக்குங்கள்

ஒரு தாளை எடுத்து, பிரிந்த பிறகு நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் செய்ததை மட்டும் எழுதுங்கள். உணர்ச்சியை எழுதாதீர்கள். 'அவள் என்னைப் புரிந்துகொண்டாள்' என்பது இங்கே செல்லாது. 'ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க எந்த ஆபீஸ் போகணும் என்று கேட்டு போன் பண்ணினாள்' என்பது செல்லும்.

இந்த மண்ணில் இதற்கு ஈராயிரம் ஆண்டுப் பழைய முன்மாதிரி ஒன்று இருக்கிறது. தகடூர் என்ற பெயரில் தர்மபுரியை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கும் ஔவையாருக்கும் இருந்த நட்பைப் பேசினாலே எல்லோரும் நெல்லிக்கனிக்கு ஓடுவார்கள். எனக்கென்னவோ அதைவிட அவன் இறந்த பிறகு ஔவையார் பாடிய பாட்டுதான் பெரிதாகத் தெரிகிறது. புறநானூற்றில் 235ஆம் பாட்டு. அதில் 'அவன் என் உயிர் நண்பன்' என்று ஒரு வரி கூட இல்லை. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் சேர்ந்து குடிப்பான். கறி கிடைத்தால் எங்களுக்கு, அம்பும் வேலும் வந்தால் அவன் போய் நிற்பான். மணக்கும் தன் கையால் புலால் நாறும் என் தலையைத் தடவுவான். எல்லாம் செய்கைகள். அவர்கள் காதலர்கள் அல்ல, நமக்குத் தேவையும் அது அல்ல. ஒரு ஆணும் பெண்ணும் நண்பர்கள் என்பதைக் கேட்பவர் சந்தேகமில்லாமல் நம்பும்படி எப்படிச் சொல்வது என்பதற்கு அந்தப் பாட்டை ஒருமுறை மெதுவாகப் படியுங்கள்.

சரி, நம் மாதிரிப் பாட்டுக்கு வருவோம். அவருடைய அப்பா பாலக்கோடு பக்கம் தக்காளி போடுகிறார், சுகர் இருக்கிறது. அவர் ஓட்டும் பழைய பைக்கில் செயின் அடிக்கடி கழலும். மாம்பழ சீசனில் ஒரு பெட்டி அனுப்புகிறார். போன் அடித்தால் எடுத்துக்கொள்கிறீர்கள், ஆனால் முன்பு போல விடிய விடியப் பேசுவதில்லை. இந்த நாலு விஷயம் போதும், 3 நிமிடப் பாட்டுக்கு இதற்கு மேல் தாங்காது.

பொறுக்கிய பிறகு ஆளை மறையுங்கள். நிஜத்தில் ராயக்கோட்டையில் சாமந்தித் தோட்டம் என்றால் பாட்டில் பாலக்கோட்டுத் தக்காளி ஆகட்டும். அப்பாவுக்கு பிரஷர் என்றால் சுகர் ஆகட்டும். விஷயத்தின் எடை அப்படியே இருக்க வேண்டும், அடையாளம் மட்டும் மாற வேண்டும். பெயர், ஊரின் தெரு, காலேஜ், பஸ் பெயர், வண்டி நம்பர் எதுவும் கூடாது. 'டா', 'டி' இரண்டையும் விட்டுவிட்டால் ஆண் பாடினாலும் பெண் பாடினாலும் பாட்டு பொருந்தும். யார் யாரைப் பாடுகிறார் என்ற ஊர்க் கணக்கும் பாதி குழம்பிவிடும்.

ஒகேனக்கல்லைத் தயவுசெய்து கண்ணீருக்கு உவமையாக்காதீர்கள். நம் மாவட்டத்தில் பாட்டு எழுதும் எல்லோரும் ஒருமுறையாவது அங்கே போய் விழுந்திருக்கிறார்கள்.

மூன்றாம் படி: பல்லவி

பாப் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கோரஸை இங்கே பல்லவி என்றே சொல்கிறேன். சினிமாப் பாட்டில் பல்லவி முதலில் வரும். இந்தப் பாட்டில் சரணம் முதலில் வந்து, அப்புறம் பல்லவி வருவதே நல்லது. சாதாரண விசாரிப்பாகத் தொடங்கி, இவர்கள் யார் என்று கேட்பவர் தானாகக் கண்டுபிடிக்க அது இடம் கொடுக்கும்.

பல்லவியில் ஒரு வாக்கும் ஒரு எல்லையும் இருக்க வேண்டும். வாக்கு மட்டும் இருந்தால் அது காதல் பாட்டாகிவிடும். எல்லை மட்டும் இருந்தால் நோட்டீஸ் போர்டு.

நீ கூப்பிட்டா எடுப்பேனே
பழச பேச மாட்டேனே
பத்து மணிக்கு மேலன்னா
காலையிலதான் கேப்பேனே

முதல் வரி வாக்கு. இரண்டாவதும் மூன்றாவதும் எல்லை. நான்காவது எல்லைக்குள்ளேயே திரும்ப ஒரு வாக்கு. பத்து மணி வரியில் கூட்டம் சிரிக்கும், சிரிக்கட்டும். 'திரும்பக் கூப்பிடுகிறாரோ' என்ற சந்தேகத்தை அந்தச் சிரிப்பு பாதி தீர்த்துவிடும். கெஞ்சுகிறவர் யாரும் ராத்திரி பத்து மணிக்கு மேல் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

இப்போது அளவு. புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மீதியை எண்ணுங்கள். நீ, கூ, பி, டா, எ, டு, பே, னே: எட்டு. மற்ற மூன்று வரிகளையும் எண்ணிப் பாருங்கள், எட்டு எட்டாகவே வரும். யாப்பிலக்கணம் தெரிந்தவர்களுக்கு இது முரட்டுக் கணக்காகத் தெரியலாம், ஆனால் மெட்டில் உட்கார வைக்க இது போதும். குறிலும் நெடிலும் எங்கே விழுகிறது என்பது அதற்கு அடுத்த கவலை. நீட்டிப் பாட வேண்டிய இடத்தில் நெடில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வரியின் கடைசி எழுத்து முக்கியம். அங்கேதான் குரல் நின்று இழுக்கும். ஆ, ஏ, ஓ என்று வாய் திறந்து முடியும் எழுத்தானால் இழுக்கலாம். 'நட்பு', 'உறவு', 'பிரிவு' என்று முடித்தால் உகரம் வாய்க்குள்ளேயே செத்துவிடும், மேல் ஸ்தாயியில் இன்னும் மோசம். இந்த விஷயத்தைப் பற்றி எழுதும் எல்லோரும் 'நட்பு' என்ற சொல்லையே பல்லவியின் முடிவில் வைக்கப் பார்ப்பார்கள். பாட்டிலேயே அந்தச் சொல் வேண்டாம் என்பது என் கட்சி. செய்கை இருக்கும்போது சொல் எதற்கு?

'னே', 'னே' என்று மூன்று வரி முடிவதை இலக்கணம் தெரிந்த நண்பர் ஒருவர் குறை சொல்லலாம். வினைமுற்றில் இயைபு போடுவது சோம்பேறி வேலைதான். பல்லவி வேறு. அது ஒரு தடவை கேட்டதும் ஆட்டோவில் வருபவர் கூடச் சேர்ந்து பாட வேண்டியது. அங்கே எளிய இயைபு உதவி.

நான்காம் படி: சரணங்களும் பிரிட்ஜும்

முதல் சரணம் முழுக்கக் கேள்வி. நம் ஊரில் அன்பை யாரும் நேராகச் சொல்வதில்லை, சாப்பிட்டாயா, மழை பெய்ததா, வெலை என்ன என்றுதான் கேட்பார்கள். அதை அப்படியே பயன்படுத்துங்கள்.

தக்காளி வெல ஏறுச்சா
அப்பா சுகர் எறங்குச்சா
பழைய வண்டி ஓடுதா
செயின் இன்னும் கழலுதா

ஏற வேண்டியது ஏறியதா, இறங்க வேண்டியது இறங்கியதா என்று முதல் இரண்டு வரி ஒன்றையொன்று பிடித்துக்கொள்கிறது. 'இன்னும்' என்ற ஒரு சொல்லில்தான் பழைய கதை இருக்கிறது. செயின் கழலுவது இவருக்கு எப்படித் தெரியும்? பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறார். ஞாபகங்களைக் கொட்டி இரண்டு சரணம் எழுதுவதைவிட இப்படி ஒரு இடத்தில் தொட்டுவிட்டு நகர்வது மேல்.

இரண்டாவது சரணத்தில் வீட்டு ஆட்கள் வர வேண்டும். தர்மபுரியில் இரண்டு பேர் நண்பர்களாக இருப்பது இரண்டு பேர் விஷயம் மட்டும் அல்ல.

மாம்பழப் பெட்டி வந்துச்சே
யாரு தந்தான்னு கேட்டாங்க
ஃப்ரெண்டுன்னு சொன்னேன் அம்மாவும்
மேல ஒண்ணும் கேக்கலயே

அம்மாவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று இவருக்கும் தெரியும். அதை விளக்கி இன்னொரு வரி சேர்க்கக் கை அரிக்கும், சேர்க்காதீர்கள். எந்த மாம்பழம் என்று கேட்டால், கூழ் ஆலைக்குப் போகும் பெங்களூரா ரகம் இங்கே எடுபடாது. பெட்டியில் வைத்து அனுப்புவதென்றால் அல்போன்சா மாதிரி ஏதாவது. பாட்டில் அதைச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் எழுதுகிறவர் மனதில் இருந்தால் வரி வேறு மாதிரி வரும்.

பிரிட்ஜ் என்பது ஒரே ஒருமுறை வந்துபோகும் பகுதி. பாட்டின் வலி எல்லாம் அங்கேதான் வர வேண்டும், அதற்கு முன்பும் பின்பும் அல்ல. நண்பர்களாக இருப்பதற்கு ஒரு விலை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாட்டு பொய்யாகிவிடும்.

உன் கல்யாணப் பத்திரிக்க வரட்டும்
மொய் எழுத மொத ஆளா நிப்பேன்
போட்டோவுக்கு மேடைக்கு வர மாட்டேன்
பந்தியில சாப்பிடாம போக மாட்டேன்

இங்கே எட்டு எழுத்துக் கணக்கை உடைத்திருக்கிறேன். வேண்டுமென்றேதான். பிரிட்ஜில் வரி நீண்டால் மூச்சு வாங்கும், அந்த மூச்சு வாங்கலே கேட்பவருக்குப் போய்ச் சேரும். மேடைக்குப் போகாமல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகும் ஆளை நம் கல்யாண மண்டபங்களில் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை. ஒவ்வொரு வரியின் பின்னாலும் 'அதனால திரும்பி வா' என்று சேர்த்துப் படியுங்கள். எந்த வரியோடு அது இயல்பாக ஒட்டிக்கொள்கிறதோ அந்த வரியை அடித்துவிடுங்கள். அப்புறம் 'நான்தான் நல்லவன்' என்று சேர்த்துப் பாருங்கள். அதுவும் ஒட்டக் கூடாது.

ஐந்தாம் படி: மெட்டு

எனக்கு இந்தப் பாட்டில் மிகவும் பிடித்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டுவேன்.

கீபோர்டில் ஏ, சி, டி, ஈ, ஜி என்ற ஐந்து கட்டைகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் வெள்ளைக் கட்டைதான். ஏ-வை ஷட்ஜமாக, அதாவது ஆதார 'ஸ'வாக வைத்து வாசித்தால் அது சுத்த தன்யாசி ராகம். கொஞ்சம் கனம், கொஞ்சம் ஏக்கம். அதே ஐந்து கட்டையில் சி-யை ஷட்ஜமாக வைத்தால் மோகனம் ஆகிவிடும். வெளிச்சம் வந்துவிடும். ஒரு ஸ்வரம் கூடக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆதாரம் எங்கே என்பது மட்டும் மாறியிருக்கிறது. கர்நாடக இசையில் இதைக் கிரகபேதம் என்பார்கள். பிரிந்த இருவர் நண்பர்களாவதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. ஆட்கள் அதே ஆட்கள், நிற்கும் இடம்தான் வேறு.

ஆகவே சரணத்தை ஏ-யில் நிறுத்துங்கள், பல்லவியை சி-யில் நிறுத்துங்கள். சரணத்துக்கு ஒரு பாருக்கு (நாலு தட்டு கொண்ட ஒரு சுற்று) ஒன்று வீதம் ஏ மைனர், எஃப், சி, ஜி. பல்லவிக்கு சி, ஜி, ஏ மைனர், எஃப். இரண்டிலும் அதே நான்கு கார்டுகள்தான், அதாவது சேர்த்து அழுத்தும் ஸ்வரக் கொத்துகள். உலகம் முழுக்கப் பாப் பாட்டில் அடிபடும் கார்டுகள் இவை, புதுமைக்குப் பரிசு கிடைக்காது. பரவாயில்லை, புதுமை வரியில் இருக்கிறது.

ஒரு வரிக்கு இரண்டு பார். எட்டு எழுத்தும் முதல் பாரில் அரைத் தட்டு அரைத் தட்டாக ஓடிவிடட்டும், கடைசி எழுத்தை இரண்டாவது பாரில் இழுக்கலாம். பல்லவியின் முதல் வரியில் அந்த 'னே' ஜி கார்டின் மேல் விழும், அங்கே டி-யில் நில்லுங்கள். கடைசி வரியின் 'னே' எஃப் கார்டின் மேல் விழும், அங்கே சி-யில் வந்து உட்காருங்கள். சரணத்தில் கேள்விகள் என்பதால் வரி முடிவு கீழே இறங்கக் கூடாது. நாம் கேள்வி கேட்கும்போது குரல் எப்படி ஏறுகிறதோ அப்படி மேலே ஏறி நிற்கட்டும்.

பிரிட்ஜில் 'மேடைக்கு வர மாட்டேன்' என்ற இடத்தில் ஒரே ஒருமுறை எஃப் மேஜரை எஃப் மைனராக்குங்கள். ஒரு விரலை ஏ-யிலிருந்து இடது பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு நகர்த்தினால் போதும். வயிற்றில் ஏதோ இறங்குவது போல இருக்கும். அந்தச் சமயம் பாடும் ஸ்வரம் சி-யில் இருக்க வேண்டும், ஏ-யைத் தொட்டால் உரசும். இதை இரண்டாம் முறை செய்தால் வித்தை காட்டுவதாகிவிடும்.

மெட்டுக்கு வரி போடும்போது 'தன தன்ன தானா' என்று தத்தகாரத்தில் பாடி போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நல்ல மெட்டானாலும் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மறந்துவிடும்.

சுருதி உங்கள் குரலுக்குத் தகுந்தபடி மாறலாம். பல்லவியின் மிக உயர்ந்த ஸ்வரம் நீங்கள் கத்தாமல் தொடும் எல்லைக்கு ஒரு படி கீழே இருக்கட்டும். இந்தப் பாட்டில் கத்தினால் கெட்டது. கத்தினால் சண்டை இன்னும் முடியவில்லை என்று அர்த்தம்.

ஆறாம் படி: தாளமும் வாத்தியமும்

வேகம் நிமிடத்துக்கு 92 தட்டு, நாலு தட்டுத் தாளம். முன்னிசை 4 பார், சரணம் 8, பல்லவி 8, இடையிசை 8, சரணம் 8, பல்லவி 8, பிரிட்ஜ் 8, பல்லவி இருமுறை 16, முடிவு 4. மொத்தம் 72 பார். இந்த வேகத்தில் ஏறக்குறைய 3 நிமிடம் 8 விநாடி வரும், பாப் பாட்டுக்குச் சரியான நீளம்.

பம்பையைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். நம் பக்கத்துப் பம்பைக்கு முன்னால் எந்தக் குரலும் நிற்காது, அது அம்மன் திருவிழாவுக்கு. இந்தப் பாட்டுக்கு ஒரு கிட்டார் அல்லது கீபோர்டு, மெல்லிய டிரம், ஒரு பேஸ் போதும். உள்ளூர் வாசனை வேண்டுமென்றால் ஹார்மோனியம். தெருக்கூத்து ஜமாக்களில் ஹார்மோனியம் வாசிப்பவர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் இருக்கிறார்கள். ராத்திரி முழுக்கப் பாரதக் கூத்துக்கு வாசிக்கும் கை, நம் 8 பார் இடையிசையை ஒரே மூச்சில் வாசித்துவிடும். ஊதியத்தை முன்பே பேசிக் கொடுத்துவிடுங்கள். 'நம்ம பையன், சும்மா வாசிப்பான்' என்ற பேச்சு வேண்டாம்.

போன் ரிங்டோன் சத்தத்தை முன்னிசையில் வைக்கலாமே என்று யாராவது ஐடியா கொடுப்பார்கள். எல்லோரும் தங்கள் பாக்கெட்டைத் தடவிப் பார்ப்பார்கள், அதுதான் நடக்கும்.

ஏழாம் படி: பதிவு

பேண்ட்லேப் என்ற ஆப் இலவசம், ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓடும். ஐபோன் இருந்தால் கராஜ்பேண்ட். கம்ப்யூட்டர் என்றால் ஆடாசிட்டி. எதை எடுத்தாலும் காதில் வயர் இயர்போன்தான். புளூடூத்தில் சத்தம் தாமதமாக வரும், நீங்கள் தாளத்துக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

அறைதான் பெரிய பிரச்சினை. வெறும் சுவரும் டைல்ஸும் இருக்கும் ஹாலில் பாடினால் கிணற்றுக்குள் பாடுவது போல எதிரொலிக்கும். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதற்கு எதிரே நில்லுங்கள், முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தையை நிறுத்துங்கள். ஃபேனை அணைத்துவிடுங்கள், ஃபிரிட்ஜ் ஓசை கேட்டால் அதையும் பாடும் நேரம் மட்டும். 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் வீடு என்றால் லாரி ஹாரன் எந்த நேரமும் உண்டு, உள்ளறைக்குப் போங்கள். ஆடி மாதம் கோயில் ஸ்பீக்கர் கட்டிய பிறகு பதிவுக்கு உட்காராதீர்கள்.

மைக்கை வாயிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். இந்தப் பல்லவியில் 'பழச', 'பேச', 'பத்து', 'கேப்பேனே' என்று பகரம் குவிந்திருக்கிறது. நேராகப் பாடினால் ஒவ்வொரு 'ப'வும் மைக்கில் டப் டப் என்று வெடிக்கும். கண்டென்சர் மைக் வாங்கியிருந்தால் அதற்கு 48 வோல்ட் மின்சாரம் கொடுக்கும் இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) வேண்டும். யூஎஸ்பி மைக்குக்கு அது தேவையில்லை.

எப்படிப் பாடுவது? போனில் பேசுவது போல. சரணத்தைப் பதிவதற்கு முன் நிஜமாகவே போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒருமுறை பாடிப் பாருங்கள், குரல் தானாகக் குறையும். நாலைந்து முறை முழுதாகப் பாடி, ஒவ்வொரு வரிக்கும் நல்லதை எடுத்து ஒட்டுங்கள். பல்லவியை மட்டும் இன்னொரு முறை பாடி மேலே அடுக்கினால் கனம் கூடும்.

எதிர்ப்பாலரின் குரலைச் சேர்க்கலாமா? கடைசிப் பல்லவியில், 'எடுப்பேனே' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் சேர்க்கலாம். முழுப் பாட்டையும் டூயட் ஆக்கினால் இருவரும் திரும்பச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் தமிழ்க் காது கேட்கும். சினிமா நம்மை அப்படிப் பழக்கியிருக்கிறது.

எட்டாம் படி: மிக்ஸிங்

குரலில் 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடுங்கள், அங்கே லாரி உறுமலைத் தவிர வேறொன்றும் இல்லை. கம்ப்ரஷனை (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்துவது) லேசாகப் போடுங்கள். எதிரொலி குறைவாக இருக்கட்டும், காதோடு பேசும் பாட்டுக்குக் கோயில் மண்டபத்து எதிரொலி பொருந்தாது. ஸ்பாட்டிஃபை பாட்டுகளை ஏறக்குறைய மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குச் சமப்படுத்தியே ஒலிக்கவிடும். அதனால் சத்தத்தை முட்ட முட்ட ஏற்றி லாபமில்லை. முடித்ததும் போன் ஸ்பீக்கரில் ஒருமுறை, ஓடும் பஸ்ஸில் ஒருமுறை கேளுங்கள். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் இன்ஜின் சத்தத்துக்கு நடுவிலும் வரி புரிந்தால் மிக்ஸ் சரி.

ஒன்பதாம் படி: அவரிடம் போட்டுக் காட்டுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். வெளியிடுவதற்கு முன் முதலில் கேட்க வேண்டியவர் அவர்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு நீல டிக்குக்காகக் காத்திருப்பதைவிட, முடிந்தால் நேரில், பத்துப் பேர் நடமாடும் ஒரு பொது இடத்தில். 'உன்னைப் பத்தி ஒரு பாட்டு, கேளு' என்று ஆரம்பிக்காதீர்கள். 'ஒரு பாட்டு எழுதியிருக்கேன், இதுல உனக்கு வேணாம்னு தோணுறது ஏதாவது இருக்கா பாரு' என்று கேளுங்கள்.

ஒரு வரி வேண்டாம் என்றால் மாற்றுங்கள், காரணம் கேட்காதீர்கள். பாட்டே வேண்டாம் என்றால் வெளியிடாதீர்கள். 'எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா' என்ற பேச்சு அங்கே வந்தால், பல்லவியில் கொடுத்த வாக்கை நீங்களே உடைக்கிறீர்கள். மெட்டு உங்களுடையது, வேறு கதைக்கு வைத்துக்கொள்ளலாம். அவருக்கு இப்போது துணை இருந்தால் அந்தத் துணையும் கேட்டுவிடுவது நல்லது. அதை ஏற்பாடு செய்ய வேண்டியது அவர், நீங்கள் அல்ல.

பத்தாம் படி: உரிமையும் வெளியீடும்

இந்தியச் சட்டத்தில் வரி, மெட்டு, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனி உரிமைகள். எழுதிய கணத்திலேயே வரியின் உரிமை உங்களுக்கு வந்துவிடும், பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வரிக்கும் மெட்டுக்கும் ஆக்கியவரின் ஆயுளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. நண்பர்கள் சேர்ந்து செய்திருந்தால் யாருக்கு எத்தனை பங்கு என்பதை வெளியிடுவதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவாவது. பாட்டு ஓடிய பிறகு பேசினால் அந்த நட்பும் போய்விடும், அப்புறம் அதற்கு ஒரு பாட்டு எழுத வேண்டிவரும்.

யூடியூபில் 'ஃப்ரீ பீட்' என்று கிடைக்கும் தயார் பின்னணி இசையின் மேல் பாடாதீர்கள். பெரும்பாலும் அது கேட்பதற்குத்தான் ஃப்ரீ, காசு வரும் வெளியீட்டுக்கு லைசென்ஸ் வாங்க வேண்டியிருக்கும். ஒரே பீட்டை வாங்கிய வேறொருவர் முந்திக்கொண்டால் காண்டென்ட் ஐடி என்ற யூடியூபின் உரிமைச் சோதனை உங்கள் வீடியோவைப் பிடிக்கும். ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக் போன்றவற்றுக்கு நேராகப் போட முடியாது. ஒரு டிஸ்ட்ரிப்யூட்டர் மூலம்தான் போக வேண்டும். பதிவுக்கான 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி குறியீட்டை வழக்கமாக அவர்களே கொடுத்துவிடுவார்கள். வரியும் மெட்டும் எழுதியவர்களுக்கு வரும் ராயல்டியை வசூலிக்க ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருக்கிறது, அதில் உறுப்பினராகலாம்.

தேதியை யோசித்துப் போடுங்கள். அவருடைய பிறந்தநாள், நிச்சயதார்த்தம், கல்யாணம், நீங்கள் பிரிந்த நாள் எதுவும் வேண்டாம். மே, ஜூனில் மாம்பழம் இறங்கும்போது வெளியிட்டால் இரண்டாவது சரணம் தானாகவே பொருந்திக்கொள்ளும். அட்டைப் படத்தில் இருவரின் போட்டோவும் கூடாது, பின்பக்கம் தெரியும் போட்டோ கூட. ஒரு மாம்பழப் பெட்டி போதும். 'அது யாரு?' என்று கேட்பவர்களுக்கு ஒரே பதிலை முடிவு செய்து அதையே சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு பதில் சொன்னால் ஊர் அதைக் கூட்டிக் கழித்து ஆளைக் கண்டுபிடித்துவிடும்.

பாட்டு கொஞ்சம் ஓடினால் லைட் மியூசிக் ட்ரூப்காரர்கள் கேட்பார்கள். கார்டு எழுதிய தாளைக் கொடுத்துவிடுங்கள், சுருதியை அவர்களே மாற்றிக்கொள்வார்கள். கல்யாண ரிசப்ஷனில் பாடுவதாக இருந்தால் மட்டும் பிரிட்ஜை விட்டுவிட்டு நேராகக் கடைசிப் பல்லவிக்குப் போகச் சொல்லுங்கள். மேடையில் உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவர் அந்த நேரம் பந்திப் பக்கம் திரும்பிப் பார்க்கும்படி ஆகிவிடக் கூடாது.